1994 ஷெவி பிக்கப்பின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: பிரித்துக் கட்டி மூன்று வருடம் ஓட்டிய பிறகு

நான் இருப்பது டெக்சஸில், ஹூஸ்டனுக்குக் கொஞ்சம் வெளியே. வண்டி 1994 ஷெவர்லே சி1500 பிக்கப், 5.7 லிட்டர் வி8 எஞ்சின், பின்சக்கர இழுவை. அதிலிருந்த 4எல்60-இ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைக் கழற்றி, பிரித்து, திரும்பக் கட்டி மூன்று வருடம் ஆகிறது. கட்டி முடித்த வாரமே எழுதியிருந்தால் பாராட்டுப் பத்திரமாகத்தான் வந்திருக்கும். புது சீல், புது ஆயில் போட்டால் எந்தப் பெட்டியும் முதல் மாதம் ஒழுங்காகத்தான் ஓடும். இந்த ஊர்க் கோடையில் டிரெய்லர் இழுத்துப் பார்த்த பிறகுதான் எந்தச் செலவு உருப்படி, எது வீண் என்று தெரிந்தது.

இந்தப் பெட்டிக்குக் கொஞ்சம் பூர்வீகம் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் 1982 மாடல்களில் 700ஆர்4 என்ற நாலு கியர் ஆட்டோமேட்டிக்கைக் கொண்டுவந்தது. த்ராட்டிலோடு சேர்ந்து அசையும் ஒரு கேபிளை வைத்துத்தான் அது உள்ளே ஆயில் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும். 1993இல் டிரக்குகளுக்கு வந்த 4எல்60-இ அடிப்படையில் அதே பெட்டிதான். கேபிள் போய், கம்ப்யூட்டரும் சோலினாய்டுகளும் (மின்சாரத்தால் ஆயில் வழியைத் திறந்து மூடும் வால்வுகள்) வந்தன. கியர் விகிதங்கள் மாறவில்லை: 3.06, 1.63, 1.00, 0.70. கடைசியில் இருப்பதுதான் ஓவர்டிரைவ், அதாவது எஞ்சினைவிடப் பெட்டியின் வெளித்தண்டு வேகமாகச் சுழலும் கியர். என் வண்டியின் பின் ஆக்ஸில் விகிதம் 3.42. 65 மைல் வேகத்தில் நான்காம் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 1,800 சுற்றை ஒட்டி நிற்கும். மூன்றில் அதே வேகத்துக்கு 2,600 பக்கம் போகும். இந்த வித்தியாசம் பின்னால் டிரெய்லர் கதையில் திரும்ப வரும்.

கோளாறு இந்த வகைப் பெட்டியை அறிந்தவர்களுக்குப் பழகியதுதான். முதல், இரண்டாம் கியர் சரியாக விழும், ரிவர்ஸில் பிரச்சினை இல்லை. இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும் இடத்தில் எஞ்சின் மட்டும் அலறும், வண்டி இழுக்காது. டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்தால் கருகல் நாற்றம். மூன்றாம் கியருக்கும் நான்காம் கியருக்கும் ஒரே கிளட்ச் தொகுதிதான், ஆயில் அழுத்தத்தில் இறுகிப் பிடிக்கும் தட்டு அடுக்கு அது. 3-4 கிளட்ச் என்பார்கள். அது போனால் இரண்டு கியரும் சேர்ந்தே போகும். அப்படியில்லாமல் ரிவர்ஸும் இரண்டும் நான்கும் போய், ஒன்றும் மூன்றும் மட்டும் மிஞ்சினால் நோய் வேறு: சன் ஷெல் என்ற கிண்ணம் மாதிரியான பாகம் உள்ளே உடைந்திருக்கும். எந்த கியர் இருக்கிறது, எது இல்லை என்பதைக் கழற்றும் முன்பே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் பாதி விஷயம் அங்கேயே தெரிந்துவிடும்.

கடைகளில் விலை கேட்டேன். ரீபில்ட் செய்த பெட்டி மாற்றித் தர 2,500 டாலரைச் சுற்றிச் சொன்னார்கள். முப்பது வருடத்தை நெருங்கிய வண்டிக்கு அந்தத் தொகை மனசுக்கு ஒப்பவில்லை. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற டிரான்ஸ்மிஷன் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார், மெக்சிகோவிலிருந்து வந்தவர். கை நடுக்கத்தால் இப்போது வேலை எடுப்பதில்லை, யோசனை மட்டும் தாராளம். அவர் சொன்னது இது: "எரிந்தது கிளட்ச், சரி. எரித்தது யார்? அதைக் கண்டுபிடிக்காமல் புது பிளேட் போட்டால் அடுத்த வருடம் என்னிடமே திரும்ப வருவாய்." இந்த வேலை முழுக்க அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடந்தது என்று சொல்லலாம்.

முதலில் பழைய பெட்டி ஒன்றை வாங்கி அப்படியே மாற்றிவிடலாமா என்றுதான் தேடினேன். தேடுகிறவர்களுக்குச் சில விஷயங்கள். இந்த வண்டிகளின் கிளவ் பாக்ஸுக்குள் மூன்றெழுத்துக் குறியீடுகள் நிறைந்த ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் எம்30 என்றிருந்தால் 4எல்60-இ. எம்டி1 என்றால் கனரக 4எல்80-இ. ஜியு6 என்றால் 3.42 ஆக்ஸில். ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் வண்டிக்கடியில் குனிந்து ஆயில் பானின் (அடித் தொட்டி) போல்ட்டை எண்ணுங்கள். 4எல்60-இ, 700ஆர்4 இரண்டிலும் 16, 4எல்80-இயில் 17. முதல் இரண்டையும் பிரித்தறிய, பெட்டியின் வலப்பக்கம் பெரிய வட்டமான மின் கனெக்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 4எல்60-இ. கேபிள் வந்து சேர்ந்தால் 700ஆர்4.

இனிதான் சிக்கல். பெயர் ஒன்றாக இருந்தாலும் பெட்டி ஒன்றல்ல. நான்கு சக்கர இழுவை வண்டியின் பெட்டிக்குப் பின்முனை வேறு. கமாரோ காரில் வந்ததற்கு வால் பகுதியில் டார்க் ஆர்ம் (பின் ஆக்ஸில் முறுக்கிக்கொள்ளாமல் தாங்கும் தண்டு) பிடிக்கும் இடம் இருக்கும். 1999க்குப் பிந்தைய புது வி8 எஞ்சின்களோடு வந்தவற்றின் இன்புட் ஷாஃப்ட்டும் (எஞ்சின் பக்கத் தண்டு), எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரும் வேறு. எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது 1995. அந்த வருடம் டார்க் கன்வர்ட்டரின் லாக்-அப்பை (எஞ்சினையும் பெட்டியையும் வழுக்கலில்லாமல் நேராகப் பூட்டும் கிளட்ச்) சிறிது சிறிதாகப் பிடிக்கவைக்கும் கூடுதல் சோலினாய்டு வந்தது. 1993, 94 வண்டிகளில் லாக்-அப் ஒரேயடியாகப் பிடிக்கும், ஒரேயடியாக விடும். வெளியிலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். என் வண்டியின் கம்ப்யூட்டருக்கோ அந்தக் கூடுதல் சோலினாய்டை இயக்கத் தெரியாது. அதனால் 93 அல்லது 94, வி8, இரு சக்கர இழுவை என்று தேடலைச் சுருக்கினேன்.

கடைசியில் ஒரு பழைய வண்டி யார்டில், 1994 ஷெவி வேனிலிருந்து இறக்கியது கிடைத்தது. அதே 5.7 எஞ்சின். "ஓடிக்கொண்டிருந்த வண்டி" என்றார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து ஆயில் பானை இறக்கினால் உள்ளே உலோகச் சில்லுகள். சன் ஷெல் உடைந்த பெட்டி. விற்றவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. முன்னால் ஓடியிருக்கும், ரிவர்ஸ்தான் போயிருக்காது. படம் எடுத்து அனுப்பியதும் பாதிப் பணத்தைத் திருப்பித் தந்து, பெட்டியை நானே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்த விலைக்கு உதிரிபாகக் களஞ்சியமாக அது லாபம். பழைய பெட்டியை நம்பி மாற்றும் எண்ணத்தை அன்றோடு விட்டேன். என் பெட்டியின் சரித்திரமாவது எனக்குத் தெரியும்.

இறக்குவது மூளை வேலையைவிட முதுகு வேலை. பெட்டி மட்டும் ஆயில் இல்லாமல் 70 கிலோவை ஒட்டி வரும், கன்வர்ட்டர் தனி. டிரான்ஸ்மிஷன் ஜாக்கியை வாடகைக்கு எடுங்கள். சாதாரண ஜாக்கியில் பலகை வைத்துச் சமாளிக்கலாம் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

பிரித்தபோது 3-4 கிளட்ச் பிளேட்டுகளில் உராய்வுப் பொருளே மிச்சமில்லை. இடையிலுள்ள இரும்புத் தட்டுகள் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தன. இதுவரை எதிர்பார்த்ததுதான். பெரியவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பிளேட்டுகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், கிளட்ச்சுகள் உட்காரும் இன்புட் டிரம்மில் அவற்றை அழுத்தும் பிஸ்டன்களைக் கேட்டார். அவற்றின் விளிம்பிலுள்ள ரப்பர் சீல்களை நகத்தால் மடக்கிப் பார்த்தால் மடங்கவில்லை, பிளாஸ்டிக் மாதிரி விறைத்திருந்தன. கிளட்சை அழுத்த வேண்டிய ஆயில் அந்த ஓரத்தில் கசிந்து போயிருக்கிறது. அடுத்து பம்ப். அழுத்தத்தைத் தேவைக்கேற்ப உயர்த்தும் பூஸ்ட் வால்வ் அதன் துளையில் லொடலொடவென்று ஆடியது. அழுத்தம் குறைந்தால் பிளேட் இறுகப் பிடிக்காமல் வழுக்கும், வழுக்கினால் சூடு, சூடானால் சீல் இன்னும் விறைக்கும். கோடையில் ஓவர்டிரைவிலேயே டிரெய்லர் இழுத்தது இந்தச் சுழற்சிக்கு எண்ணெய் வார்த்தது.

அவர் இன்னொன்றும் பார்க்கச் சொன்னார்: த்ராட்டில் பொசிஷன் சென்சார். கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதைக் கம்ப்யூட்டர் அதிலிருந்துதான் தெரிந்துகொண்டு ஆயில் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. அது குறைத்துக் காட்டினால் பெட்டி முழுதும் புதிதாக இருந்தாலும் கிளட்ச் எரியும். என்னுடையது மீட்டரில் சீராக ஏறி இறங்கியது, நல்லதாகவே இருந்தது.

வாங்கியவை: எல்லா கிளட்ச் பிளேட்டும் சீலும் அடங்கிய கிட், தரமான 3-4 பிளேட்டுகள், கெட்டிப்படுத்திய சன் ஷெல், டிரம்மைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் புது பேண்ட், பூஸ்ட் வால்வ், ஆயிலை வழிப்படுத்தும் வால்வ் பாடிக்கு ஒரு ஷிஃப்ட் கிட் (கியர் மாற்றத்தை இறுக்கமாக்கும் பாகங்கள்), ரீமேனுஃபாக்சர் செய்த கன்வர்ட்டர். என் பம்ப்பின் முகத்தில் கீறல் இருந்ததால் வேன் பெட்டியின் பம்ப்பைச் சுத்தம் செய்து புது ரோட்டரும் ஸ்லைடும் போட்டேன். கன்வர்ட்டரில் கஞ்சத்தனம் கூடாது. எரிந்த கிளட்சின் தூள் உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கும், அதை வெட்டித் திறக்காமல் கழுவ வழியில்லை.

கட்டும்போது நிதானம் தேவைப்படும் இடங்கள் சில. இன்புட் ஷாஃப்ட்டில் நான்கு டெஃப்லான் வளையங்கள். மாட்டும்போது விரியும், அவற்றைத் திரும்பச் சுருக்கி உட்காரவைத்த பிறகே டிரம்மைச் செருக வேண்டும். பம்ப்பின் இரண்டு பாதிகளையும் வெளிவிளிம்பு சமமாக வருமாறு வளையம் போட்டு இறுக்கிய பிறகே போல்ட்டை முடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கேஸுக்குள் இறங்காது. வால்வ் பாடியின் சின்னக் குண்டுகள் கீழே விழாமல் நிற்க வாசலின் தொட்டு ஒட்டலாம். அது சூட்டில் ஆயிலோடு கரைந்துவிடும். வீல் பேரிங் கிரீஸைத் தொடாதீர்கள், கரையாமல் போய் வழியை அடைக்கும். டிரம்மைக் கட்டியதும் அதன் ஆயில் துளையில் காற்றடித்துப் பார்ப்பது எனக்கு மிகவும் பிடித்த கட்டம். நன்றாகக் கட்டியிருந்தால் 'தப்' என்று பிஸ்டன் நகர்ந்து நிற்கும். சீல் மடங்கியிருந்தால் 'புஸ்' என்று சத்தம் மட்டும் வரும். முன் பக்க எண்ட் ப்ளே (தண்டு முன்னும் பின்னும் அசையும் இடைவெளி) 0.005 முதல் 0.036 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும், டயல் கேஜ் வைத்து அளந்தோம்.

கன்வர்ட்டரைச் சுற்றிக்கொண்டே உள்ளே தள்ளும்போது படிப்படியாக இறங்கும். கடைசிப் படி இறங்காமல் போல்ட்டைப் போட்டு இழுத்தால் பம்ப் அந்த இடத்திலேயே நொறுங்கும். பெல் ஹவுசிங் (பெட்டியின் எஞ்சின் பக்க வாய்) எஞ்சினோடு கையாலேயே ஒட்ட வேண்டும், கன்வர்ட்டரும் கையாலேயே சுழல வேண்டும். இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள்.

இனி மூன்று வருட அனுபவம். ஏறக்குறைய 40,000 மைல் ஓடியிருக்கிறது. 2-3 மாற்றம் இன்றும் முதல் நாள் போலவே இறுக்கமாக விழுகிறது. ஆயில் மாற்றும்போது பானின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மெல்லிய பசை இருந்தது, இருக்க வேண்டியதுதான். சில்லுகள் இல்லை, கருகல் வாசனை இல்லை. 2005இல் வந்த டெக்ஸ்ரான் 6 ஆயிலையே ஊற்றுகிறேன், பழைய டெக்ஸ்ரான் 3 கேட்கும் பெட்டிகளுக்கும் அது பொருந்தும்.

செலவிட்டதில் முதல் இடம் கூலருக்கு. ஏசி கண்டென்சருக்கு முன்னால் தனியாக ஒரு ஆயில் கூலரும், பானில் ஒரு வெப்பமானியும் வைத்தேன். 175 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டி ஒவ்வொரு 20 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்பது டிரான்ஸ்மிஷன் தொழிலில் சொல்லும் கணக்கு. ஊருக்குள் என்னுடையது 170, 180க்குள் நிற்கிறது. டிரெய்லரோடு ஆகஸ்ட் மாதத்தில் ஆஸ்டினுக்கு மேற்கே மேடு ஏறியபோது 210 வரை போனது. அங்கே லீவரை ஓவர்டிரைவிலிருந்து டிக்கு இறக்கி மூன்றாம் கியரிலேயே ஓட்டினால், எஞ்சின் சுற்று கூடினாலும் ஆயில் சூடு இறங்குவதை மீட்டரிலேயே பார்க்கலாம். நான்குக்கும் மூன்றுக்கும் மாறி மாறித் தடுமாறுவதும், லாக்-அப் பிடித்து விடுவதும்தான் சூட்டைக் கிளப்புகிறது. மீட்டர் இல்லாத காலத்தில் இது காதில் மட்டும் விழும், கவனத்தில் பதியாது.

ஷிஃப்ட் கிட் பற்றி வீட்டில் இரண்டு கருத்து. கியர் பட்டென்று விழுகிறது, வழுக்கல் இல்லை, கிளட்ச்சுக்கு நல்லது. மனைவிக்கு அது வண்டி யாரையோ இடித்ததுபோல் இருக்கிறதாம். கூடவே கார்வெட் சர்வோ என்று எல்லோரும் பரிந்துரைக்கும் பெரிய பிஸ்டனையும் போட்டிருக்கிறேன். இரண்டாம் கியரின் பேண்டை அது இன்னும் அழுத்திப் பிடிக்கும். ஈரமான சாலையில் 1-2 மாறும்போது சில சமயம் பின்சக்கரம் ஒரு நொடி வழுக்கும். சாமான் ஏற்றும் வண்டிக்கு அது அவசியமில்லை என்பது என் கருத்து. வேகம் விரும்புகிற இளவட்டங்களுக்குப் பிடிக்கும்.

கன்வர்ட்டர் லாக்-அப் பிடிக்கும்போது ஐந்தாவது கியர் விழுந்ததுபோல ஒரு சின்ன இடி. 94 வண்டியின் சுபாவம் அது, நோயில்லை. புதிதாக ஓட்டுகிறவர்கள் பயப்படுவார்கள்.

பணக் கணக்கில் கருவி வாடகை, வேன் பெட்டி, கூலர் எல்லாம் சேர்த்துக் கடைக்காரர்கள் கேட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேல் ஆனது. என் உழைப்புக்கு விலை போட்டால் லாபம் என்று சொல்ல முடியாது. பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் உட்காராமல் இதை முதல்முறை செய்வதை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். சர்வீஸ் கையேட்டில் அளவுகள் இருக்கும், சீலை நகத்தால் மடக்கிப் பார் என்று இருக்காது.

இப்போதைக்கு ஒரே குறை, கியர் லீவரின் தண்டு கேஸுக்குள் நுழையும் இடத்திலுள்ள சீலில் கசிவு. நிறுத்தும் இடத்தில் இரண்டு, மூன்று சொட்டு. பெட்டியை இறக்காமலே மாற்றலாம், சில டாலர் சாமான்தான். ஆனால் மல்லாந்து படுத்துச் செய்ய வேண்டிய வேலை, இந்த வெயிலில் தரை கொதிக்கிறது. நவம்பரில் பார்த்துக்கொள்ளலாம் என்று சீலை வாங்கி வைத்திருக்கிறேன்.