நர்ஸுங்களுக்கான ஆன்லைன் பப்ளிக் ஹெல்த் கோர்ஸ் முடிச்சாச்சு, என் ரிவ்யூ

எட்டு மாசம் வார்டுல ஓடுன புது நர்ஸ் நான், பப்ளிக் ஹெல்த் பக்கம் போயிடலாம்னு தோணுச்சு, இன்டர்வியூல திருதிருன்னு முழிக்கக் கூடாதேன்னு இந்த ஆறு வார கோர்ஸ்ல காசு கட்டிச் சேர்ந்தேன். இப்ப ஃபீல்டுக்கு வந்து மூணு மாசம் ஆச்சு, அதனால எது உதவுச்சு எது கைவிட்டுச்சுன்னு தெரிஞ்சு தான் எழுதறேன். கோர்ஸ் பேரு வேணாம், கொஞ்சம் திட்டப் போறேன்.

முதல் வாரம் முழுக்க ஜான் ஸ்னோ. 1854ல லண்டன் பிராட் ஸ்ட்ரீட் பக்கம் காலராவுல செத்தவங்க எந்தெந்த வீடுன்னு மேப்ல குறிச்சு, தண்ணி பம்பு மேல கை காட்டின டாக்டர். நல்லா தான் சொல்றாங்க, அதுலயும் பக்கத்துலயே இருந்த பீர் ஆலை ஆளுங்க தப்பிச்சது ஏன்னு அவர் தேடிப் போனது சூப்பர் (அவங்க அந்தத் தண்ணியே குடிக்கல). பம்பு கைப்பிடியைக் கழட்டுறதுக்கு முன்னாடியே சாவு குறைய ஆரம்பிச்சிருச்சுங்கறதையும் மறைக்கல. சரி, ஆனா நர்ஸுங்களுக்குன்னு விக்கிற கோர்ஸ்ல டாக்டருக்கு ஒரு வாரம், நைட்டிங்கேலுக்கு விளக்கோட ஒரே ஒரு ஸ்லைடா? அந்தம்மா கிரிமியப் போர்ல காயத்தை விட தடுத்திருக்கக்கூடிய நோயால தான் சிப்பாய்ங்க ஜாஸ்தி செத்தாங்கன்னு 1858ல படம் போட்டுக் காட்டினவங்க. 1893ல நியூயார்க்ல ஏழைங்க வீட்டுக்கே போய் நர்சிங் பண்ண ஆரம்பிச்ச லில்லியன் வால்டு பேரு கூட வரல, நம்ம வேலையே அங்கிருந்து வந்தது தானே!

காசுக்கு வொர்த்துன்னா மூணாவது வாரம் தான். ஒரு டெஸ்ட், நோய் இருக்கறவங்க நூறு பேர்ல 99 பேரைப் பிடிக்கும், இல்லாதவங்க நூறு பேர்ல 99 பேருக்குச் சரியா இல்லன்னு சொல்லும். நூத்துல ஒருத்தருக்கு நோய் இருக்கற ஊர்ல 10,000 பேருக்கு அதைப் பண்ணா? நோய் இருக்கற 100 பேர்ல 99 பாசிட்டிவ், இல்லாத 9,900 பேர்லயும் 99 பாசிட்டிவ், ஆக பாசிட்டிவ்னு வந்ததுல பாதிப் பேருக்கு ஒன்னுமே இல்ல. நான் பேப்பர் பேனா எடுத்து ரெண்டு தடவை போட்டுப் பார்த்தேன். அதே டெஸ்ட்டை பாதிப் பேருக்கு நோய் இருக்கற வார்டுல பண்ணா பாசிட்டிவ்ல 99 சதவீதம் நிஜம். வார்டுல ரிப்போர்ட் வந்தா அப்படியே நம்பிப் பழகுனவ நான், இப்ப கேம்ப்ல ஒருத்தருக்கு பாசிட்டிவ் வந்தா "இன்னொரு டெஸ்ட் பார்த்துட்டு சொல்றோம், பயப்படாதீங்க"ன்னு மனசார சொல்ல முடியுதுன்னா அது அந்த ஒரு வாரத்தால தான்.

தடுப்பூசிப் பாடம் சுமார். ஊசி மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ்ல வைக்கணும்னு பெரிய எழுத்துல போட்டாங்க, அதோட முடிஞ்சது. சூடு தான் எதிரின்னு நினைச்சு முதல் நாள் நான் ஃப்ரீசர்ல இருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே தடுப்பூசி கொண்டு போற கேரியர் பெட்டில அடுக்கப் போனேன், கூட இருந்த சீனியர் அக்கா கையைப் பிடிச்சாங்க. "ஏய் இரும்மா, வெளிய வெச்சு ஆட்டிப் பாரு, உள்ள தண்ணி சத்தம் கேக்கணும், அப்புறம் தான் வைக்கணும்." ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் ஊசியெல்லாம் உறைஞ்சா வீணாம். இதைச் சொல்ல கோர்ஸ்ல ஒரு நிமிஷம் கிடைக்கலையா?

வீட்டு விசிட் வீடியோ சிரிப்பு தான் வந்துச்சு. எல்லாரும் சோஃபால உக்காந்து பொறுமையா பதில் சொல்றாங்க. நிஜத்துல டிபி பேஷன்ட் வீட்டு வாசல்ல நின்னு ஒரே ரூம்ல யார் யார் தூங்கறீங்கன்னு கேக்கணும், பக்கத்து வீட்டுக்காரங்க காது இந்தப் பக்கமே இருக்கும், நோய் பேரு வாய்ல வராம பேசணும். அதுக்குப் பயிற்சி பூஜ்யம்.

ஸ்டார் அஞ்சுக்கு மூணு. வார்டு அனுபவமே தேவையில்லன்னு கடைசி வீடியோல சொல்றதை நான் ஒத்துக்கல, குழந்தையைப் பார்த்ததுமே நீர்ச்சத்து போயிருக்குன்னு கண்ணு கண்டுபிடிச்சதெல்லாம் வார்டு குடுத்தது, அங்க பக்கத்துல டாக்டர் இருந்தாங்க, இங்க நான் மட்டும் தான்.

சர்டிபிகேட்டை இன்டர்வியூல யாரும் தொட்டுக் கூடப் பாக்கல. நோய்க் கணக்குல வர்ற இன்சிடென்ஸ் (புதுசா வந்த கேஸ்), பிரிவலன்ஸ் (மொத்தமா இருக்கற கேஸ்) வித்தியாசம் மட்டும் கேட்டாங்க. கோர்ஸ்ல சொன்ன டெஃபனிஷன் சுத்தமா மறந்து போச்சு, "மேடம், ராத்திரி வந்த புது அட்மிஷன் இன்சிடென்ஸ், காலைல ஹேண்ட்ஓவர் குடுக்கறப்ப பெட்ல இருக்கற மொத்தப் பேர் பிரிவலன்ஸ்"னு சொன்னேன், சிரிச்சுட்டு எழுதிக்கிட்டாங்க.