கோத்தகிரியில் எட்டு வருடம், மூன்று முறை டைமிங் பெல்ட்: என் பழைய டஸ்டர் அனுபவம்

எங்கள் வீட்டில் இருப்பது 2014 மாடல் ரெனால்ட் டஸ்டர், 1.5 டீசல், 85 பிஎஸ், ஐந்து கியர். 2017 ஆகஸ்டில் கோவையில் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன், அப்போது 41,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. இப்போது 1,10,000-ஐ நெருங்குகிறது. இருப்பது கோத்தகிரி, வேலைக்கு வாரத்தில் நான்கு நாள் குன்னூர், மாதம் ஒருமுறை அம்மாவை டாக்டரிடம் காட்டக் கீழே கோவைக்கு. இந்த எட்டு வருடத்தில் டைமிங் பெல்ட்டை மூன்று முறை மாற்றிவிட்டேன். "மூணு தடவையா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள், அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

வண்டியைப் பற்றி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஸ்டேட் ரோட்டுக்கும் மழைக்காலத்தில் அரித்துக் கிடக்கும் பாதைக்கும் இதன் சஸ்பென்ஷன் மாதிரி இன்னொன்றை நான் ஓட்டிப் பார்க்கவில்லை. மலையில் லிட்டருக்குப் பதிமூன்று, கீழே சாலையில் பதினேழு பதினெட்டு தருகிறது. கிளட்ச் ஒருமுறை, முன்பக்க லோயர் ஆர்ம் ஒருமுறை, அப்புறம் வழக்கமான பிரேக் பேட், டயர். வண்டி மேல் எனக்குப் பெரிய குறை எதுவும் இல்லை. யோசிக்க வைத்த ஒரே விஷயம் பெல்ட்தான்.

இந்த என்ஜினுக்குப் பெயர் கே9கே. இதே என்ஜின்தான் நிசான் டெரானோ, சன்னி டீசல், மஹிந்திரா வெரிட்டோ டீசல் எல்லாவற்றிலும் வந்தது. பிஎஸ்6 புகை விதி வந்த 2020-ல் டஸ்டரில் டீசலே நின்றுபோனது, ஆனால் இத்தனை வண்டிகளில் ஓடியதால் பெல்ட் கிட் (பெல்ட்டும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் சேர்ந்த செட்) கிடைப்பதில் இன்றுவரை எனக்குச் சிரமம் இருந்ததில்லை. கீழே சுற்றும் கிராங்க் ஷாஃப்டையும் மேலே வால்வைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டையும் ஒரே தாளத்தில் வைத்திருப்பது பல் வைத்த அந்த ரப்பர் பட்டைதான். ஹை பிரஷர் டீசல் பம்பையும், என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டை ஓட வைக்கும் வாட்டர் பம்பையும் கூட அதுவேதான் சுற்றுகிறது. கல்லாறு தாண்டி நம்ம மலை ரயில் ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும், நடுவில் இருக்கும் பல் தண்டவாளத்தில் பல் சக்கரம் கடித்துக்கொண்டுதான் ரயில் ஏறும், வழுக்கவே கூடாது. இங்கேயும் அப்படித்தான், ஒரு பல் தவறினாலும் தாளம் போய்விடும். இந்த என்ஜினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் மேலே வந்து திறந்திருக்கும் வால்வை இடித்து வளைத்துவிடும். என்ஜினின் மேல்பாகமான ஹெட்டை இறக்க வேண்டியதுதான்.

அறுந்தால் என்ஜின் போகும் என்பது செலவுக் கணக்கு. எனக்கு அதைவிடப் பெரிய கவலை வேறு. டீசல் வண்டியில் பிரேக்குக்கு உதவும் வேக்குவம் பம்ப் கேம் ஷாஃப்டில் இருந்துதான் சுற்றுகிறது. பெல்ட் அறுந்தால் கேம் நிற்கும், வேக்குவமும் நிற்கும். மிச்சமிருக்கும் வேக்குவத்தில் இரண்டு மூன்று மிதி நன்றாகப் பிடிக்கும், அதற்கப்புறம் பெடல் கல் மாதிரி இறுகிவிடும். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது 14 கொண்டை ஊசி வளைவு, ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடி இறங்கினால் 36. அங்கே ஒரு வளைவுக்கு முன்னால் இது நடந்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்கு வயிற்றைப் பிசையும்.

முதல் மாற்றம் 2019-ல், 60,000 கிலோமீட்டரில். பழைய ஓனரிடம் பெல்ட் மாற்றியதற்கு எந்த பில்லும் இல்லை, வண்டிக்கும் ஐந்து வயது ஆகிவிட்டது, அதனால் மாற்றிவிடலாம் என்று கோவையில் ஒரு ஒர்க் ஷாப்பில் விட்டேன். காலையில் கொடுத்து மாலையில் வாங்கினேன். 5,500 ரூபாய். பில்லில் 'டைமிங் பெல்ட்' என்று ஒரே ஒரு வரி. டென்ஷனர் மாற்றினீர்களா, வாட்டர் பம்ப் மாற்றினீர்களா என்று கேட்க அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. அவர்களும் சொல்லவில்லை. பெல்ட் மாற்றியாயிற்று, இனி நாலைந்து வருடத்துக்குக் கவலை இல்லை என்று நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருந்தேன்.

2021 ஜனவரி. கோவையில் அம்மாவைக் காட்டிவிட்டு மாலை மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ரோட்டில் ஏறிக்கொண்டிருக்கிறோம். குஞ்சப்பனை தாண்டியதும் ஏசி வழியாக ஒரு இனிப்பான வாடை வந்தது. வெல்லப்பாகு கொஞ்சம் கருகின மாதிரி. நான்கைந்து நிமிடத்தில் என்ஜின் சூட்டைக் காட்டும் சிவப்பு விளக்கு. ஓரங்கட்டி என்ஜினை அணைத்துவிட்டுக் குனிந்து பார்த்தால் வலது முன் சக்கரத்துக்கு உள்பக்கம் கூலன்ட் சொட்டிக்கொண்டிருக்கிறது. அந்த வண்டியில் டைமிங் பெல்ட் இருப்பதும் அதே வலது பக்கம்தான். இருட்டத் தொடங்கிவிட்டது, அந்தப் பகுதியில் யானை நடமாட்டம் உண்டு என்பது இந்த ரோட்டில் போகிற எல்லோருக்கும் தெரியும். கோத்தகிரி போகிற பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி அம்மாவை ஏற்றிவிட்டேன். "நீ எப்படிடா தனியா நிப்பே?" என்று அவர் படியில் நின்றுகொண்டே கேட்டார். இரண்டு மணி நேரம் கழித்து மேட்டுப்பாளையத்திலிருந்து ரெக்கவரி வண்டி வந்து தூக்கிக்கொண்டு போனது.

மறுநாள் அங்கே மெக்கானிக் கவரைக் கழற்றிக் காட்டினார். வாட்டர் பம்பின் சீல் போய், கூலன்ட் வழிந்து பெல்ட் முழுக்க நனைந்திருந்தது. மாற்றி இரண்டு வருடம்கூட ஆகாத, 11,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடிய பெல்ட். பம்ப், டென்ஷனர் எல்லாம் வண்டி வந்த நாளிலிருந்து இருந்தவை. புது பெல்ட்டைப் பழைய பம்ப் மேல் மாட்டிவிட்டிருக்கிறார்கள். பம்பை மாற்ற வேண்டுமானால் பெல்ட்டைக் கழற்றியே ஆக வேண்டும், கூலி இரண்டுக்கும் ஒன்றுதான், அதைச் செய்யாமல் விட்டதற்கு எந்தக் காரணமும் இல்லை. முழு கிட், பம்ப், கூலன்ட், ரெக்கவரி எல்லாம் சேர்த்து 24,000 ஆனது. நல்லவேளையாக உடனே அணைத்ததால் ஹெட் கேஸ்கட் தப்பித்தது.

அதற்கப்புறம்தான் இதைப் பற்றித் தேடித் தேடித் தெரிந்துகொள்ள ஆரம்பித்தேன். எனக்குப் புரிந்த முக்கியமான விஷயம், மலையில் ஓடோமீட்டரை வைத்து பெல்ட்டின் ஆயுளைக் கணக்கிடக் கூடாது. கீழே நாலுவழிச் சாலையில் ஐந்தாவது கியரில் 80-ல் போகும்போது என் வண்டி ஏறத்தாழ 2000 ஆர்பிஎம் காட்டும். அதாவது ஒரு கிலோமீட்டருக்கு என்ஜின் 1500 சுற்று. அதே 2000 ஆர்பிஎம்மில் இரண்டாவது கியரில் கோத்தகிரி ஏற்றத்தில் வேகம் 30தான் இருக்கும், ஒரு கிலோமீட்டருக்கு 4000 சுற்று. ஏறும் கியரிலேயே இறங்க வேண்டும் என்பது இங்கே எழுதாத சட்டம், ஆகவே இறங்கும்போதும் அதே கணக்குதான். என்ஜின் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதற்கேற்பத்தான் பெல்ட் வளைந்து நிமிர்கிறது. இது போக குன்னூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம், சீசன் நேரத்தில் ஊட்டி ரோடு முழுக்க, வண்டி நகராமல் என்ஜின் மட்டும் ஓடுகிற நேரம் வேறு. எனவே 2021-க்கு அப்புறம் மலையில் ஓடிய 33,000 கிலோமீட்டர் கீழே ஓடிய எழுபது எண்பதாயிரத்துக்குச் சமம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். ரப்பருக்கு வயது என்று ஒன்று தனியாக இருக்கிறது, ஓடாமல் நின்றாலும் அது ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

பக்கத்து வீட்டு அண்ணனிடம் பழைய மூன்று லிட்டர் ஃபார்ச்சூனர் இருக்கிறது. அதில் பெல்ட் மாற்றும் நேரம் வந்தால் மீட்டரில் 'டி-பெல்ட்' என்று விளக்கே எரியும். டஸ்டரில் அப்படி எதுவும் கிடையாது. பெல்ட்டும் முன்கூட்டிச் சத்தம் போட்டுச் சொல்லாது. பனிக் காலத்தில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று கத்துவது பெரும்பாலும் வெளியே இருக்கும் ஃபேன் பெல்ட்தான். அதையும் அலட்சியமாக விட முடியாது. இந்த என்ஜினில் ஃபேன் பெல்ட் நைந்து பிரிந்தால் அதன் நூல் கிராங்க் புல்லியில் சுற்றிக் கவருக்குள் போய் டைமிங் பெல்ட்டையும் இழுத்துவிடும். அதனால் இரண்டையும் ஒன்றாகவே மாற்றுகிறேன்.

மூன்றாவது மாற்றம் இந்த 2025 ஜனவரியில், 1,04,000-ல். 2021-ல் போட்டதற்கு நான்கு வருடம், 33,000 கிலோமீட்டர். இந்த முறை குன்னூரில், இந்த என்ஜினை நிறையக் கழற்றிப் பழகிய ஒரு மெக்கானிக் அண்ணனிடம் கொடுத்து, காலை ஒன்பதிலிருந்து மூன்று மணிவரை பக்கத்திலேயே நின்றேன். முதலில் அவரிடமே கேட்டேன், 33,000 ஓடினதுக்கு மாத்தணுமாண்ணா என்று. "கிலோமீட்டரப் பாக்காதீங்க தம்பி, இது மலை வண்டி" என்றார்.

வலது முன் சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனரை எடுத்து, என்ஜினுக்குக் கீழே கட்டை வைத்து ஜாக்கியில் தாங்கிக்கொண்டு வலது பக்க என்ஜின் மவுண்டைக் கழற்றினார். அதற்கப்புறம்தான் கவர் வெளியே வரும். இந்த என்ஜினில் கவனமாக இருக்க வேண்டிய இடம் கிராங்க் பக்கம். எனவே குத்துமதிப்பாக மார்க்கர் பேனாவில் கோடு போட்டுவிட்டு மாற்றுகிற வேலை இதற்கு ஆகாது. பிளாக்கில் ஒரு பின்னைத் திருகி கிராங்கை நிறுத்த வேண்டும், கேம் சக்கரத்து ஓட்டை வழியாக இன்னொரு பின்னை ஹெட்டுக்குள் நுழைத்து கேமை நிறுத்த வேண்டும். அவரிடம் அந்த இரண்டு பின்னும் இருந்தன. வண்டியைக் கொடுக்கும் முன்பே நான் கேட்ட முதல் கேள்வி அதுதான், இல்லை என்று சொல்லியிருந்தால் திரும்பி வந்திருப்பேன். புது பெல்ட்டில் அச்சிட்ட கோடுகளை கேமுக்கும் டீசல் பம்புக்கும் பொருத்தி, டென்ஷனர் முள்ளைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து, புது போல்ட்டைப் போட்டு டார்க் ரெஞ்சில் இறுக்கி, அதற்கு மேல் கோண அளவு பார்த்து மறுபடி இறுக்கினார். பிறகு பின்களை எடுத்துவிட்டுக் கையால் என்ஜினை இரண்டு முழுச் சுற்று சுற்றி, இரண்டு பின்னும் மறுபடி தடங்கல் இல்லாமல் உள்ளே போகிறதா என்று பார்த்தார். போனது. அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

கழற்றிய பெல்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும், அது பார்க்க நன்றாகத்தான் இருந்தது, வெடிப்பு இல்லை, ஓரம் பிரியவில்லை. இந்தக் காலத்து பெல்ட்டுகள் ஆயுள் முடிகிறவரை வெடிப்பு காட்டாமலே இருக்கும் என்றார் அண்ணன். ஆனால் டென்ஷனரைக் கையில் சுற்றியபோது மண்ணை அரைக்கிற மாதிரி ஒரு கரகரப்பு. காது அருகே வைத்தால் தெளிவாகக் கேட்டது. பெல்ட் இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருக்கலாம், அந்த பேரிங் எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? பெல்ட் மட்டும் மாற்றிக்கொண்டு வந்த 2019 வேலையை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

செலவு: பம்போடு சேர்ந்த கிட் 11,800, ஃபேன் பெல்ட் 1,900, கூலன்ட் 1,600, கிராங்க் போல்ட் 400, கூலி 5,000. மொத்தம் 20,700. கிட்டைக் கோவையில் நானே போய், வண்டியின் ஆர்சி நகலைக் காட்டி, பெட்டி சீல் பார்த்து வாங்கினேன். டூப்ளிகேட் சாமான் வந்துவிடுமோ என்ற பயம் இதில் நியாயமானது, இருநூறு முந்நூறு ரூபாய் குறைகிறது என்று தெரியாத கடையில் வாங்காதீர்கள்.

மெக்கானிக் அண்ணன் சொல்லிக் கொடுத்த இன்னொன்று, இது மலையில் இருப்பவர்களுக்கு. மேடு பார்த்து நிறுத்தும்போது கியரில் போட்டுவிட்டு அப்படியே பிரேக்கிலிருந்து காலை எடுக்கிறோம், வண்டி இரண்டு அங்குலம் பின்னால் வந்து கியரில் தொங்குகிறது. அந்த இழுப்பில் என்ஜின் பின்பக்கமாகத் திரும்பப் பார்க்கும், டென்ஷனர் தளர்ந்த வண்டியில் பெல்ட் பல் தாண்டவும் கூடும். நியூட்ரலில் ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, வண்டி அதில் உட்கார்ந்த பிறகு கியர் போட வேண்டும். என் வீட்டு வாசலே சரிவு, எட்டு வருடமாகத் தப்பாகத்தான் நிறுத்திக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு மரக்கட்டை டிக்கியிலேயே கிடக்கிறது.

மாற்றி இதுவரை ஆறாயிரம் கிலோமீட்டருக்குக் கிட்ட ஓடியிருக்கிறது. முதல் மாதம் வாரம் ஒருமுறை காலையில் கூலன்ட் மட்டம் பார்த்தேன், குறையவில்லை. ஜூலை மழையில் மூன்று முறை கூடலூர் போய் வந்தேன், சத்தம் எதுவும் இல்லை. பானட்டுக்கு உள்ளே தேதியும் கிலோமீட்டரும் எழுதி ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன், அதற்குக் கீழே 'அடுத்தது 2029 ஜனவரி, பம்ப், டென்ஷனர் சேர்த்து' என்று.