ரிகர்ஷன்: ஸ்டாக்கைப் பிரித்துப் படிப்பதா, நம்பி எழுதுவதா?

சிங்கப்பூரில் ரிகர்ஷன் ஒரு மாணவருக்கு முதலில் எதிர்ப்படுவது தொடக்கக் கல்லூரியின் எச்2 கம்ப்யூட்டிங் பாடத்தில், அதை எடுக்காதவர்களுக்குப் பல்கலைக்கழகத்தின் முதல் நிரல் பாடத்தில். ரிகர்ஷன் என்றால் ஒரு ஃபங்ஷன், அதாவது நிரலில் பெயர் வைத்து எழுதிய ஒரு வேலைத் துண்டு, தன்னையே கூப்பிடுவது; அது ஒரே நிமிடத்தில் புரிந்துவிடும். வெற்றுத் திரையில் நீயே எழுது என்றால்தான் கை நின்றுவிடுகிறது. எந்த வழியில் பழகினார்கள் என்பதைப் பொறுத்தே அந்தக் கை ஓடுகிறது.

வழி இரண்டு. ஒன்று, ஸ்டாக்கை, அதாவது முடியாமல் காத்திருக்கும் அழைப்புகளின் அடுக்கை, பிரித்துப் பார்ப்பது: ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு கட்டம் வரைந்து, உள்ளே மாறிகளின் மதிப்பை எழுதி, விடை திரும்பியதும் கட்டத்தை அடித்துவிடுவது. மற்றொன்று, நம்பி எழுதுவது: சிறிய கணக்குக்கு ஃபங்ஷன் சரியான விடை தரும் என்று வைத்துக்கொண்டு, அதைக் கொண்டு பெரிய கணக்கை முடிப்பது. கணிதத் தொகுத்தறிதல் படித்தவர்களுக்கு இது பழகிய தடம்தான்.

ஒரே கணக்கில் இரண்டையும் ஓட்டிப் பார்ப்போம். 5, 10, 20 காசு நாணயங்கள் வேண்டிய மட்டும் இருக்கின்றன. 20 காசை எத்தனை விதமாகக் கொடுக்கலாம்?

நம்பி எழுதுபவர் வழிகளை இரண்டு கூடையாகப் பிரிப்பார். இருப்பதிலேயே பெரிய நாணயத்தைத் தொடாத வழிகள் ஒரு கூடை; அதில் ஒன்றையாவது போட்ட வழிகள் இன்னொரு கூடை. முதலாவதில் தொகை அதே, நாணய வகை ஒன்று குறைவு. இரண்டாவதில் அந்த நாணயத்தின் மதிப்பு தொகையில் கழிந்துவிட்டது. மறுபடி அதையே போடலாம் என்பதால் வகைகள் அப்படியே இருக்கும்.

வழி(தொகை, வகை) = வழி(தொகை, வகை − 1) + வழி(தொகை − பெரிய நாணயம், வகை)

தொகை சரியாக 0 ஆனால் விடை 1. தொகை 0-க்குக் கீழே போனாலோ, வகை தீர்ந்துபோனாலோ விடை 0. எழுதி முடிந்தது. விடை 4: ஒரு 20, இரண்டு 10, ஒரு 10-உம் இரண்டு 5-உம், நான்கு 5.

இதையே கட்டம் போட்டுப் பிரித்தால் 19 அழைப்புகள் வரும். ஒரு ஏ4 தாளில் அடங்கும். 50 காசையும் 1 வெள்ளியையும் (100 காசு) சேர்த்து, ஒரு வெள்ளிக்குக் கணக்குப் போட்டால் விடை 50, அழைப்புகள் 689. அதை யாரும் தாளில் வரையப் போவதில்லை. ஆனால் மேலே உள்ள வரி அதற்கும் அப்படியே பொருந்தும். எழுதுவதற்கு நம்பிக்கை வழிதான் மேல் என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

பிழை பிடிக்கும்போது கதை மாறும். இரண்டாவது அழைப்பிலும் தவறுதலாக வகையைக் குறைத்துவிட்டால், ஒரு நாணயத்தை ஒருமுறைக்கு மேல் எடுக்க முடியாது. 4 வரவேண்டிய இடத்தில் 1 வரும். தொகை 0 ஆகும்போது 1-க்குப் பதில் 0 என்று எழுதினால், எந்தத் தொகைக்கும் 0-தான். வரியை எத்தனை முறை முறைத்துப் பார்த்தாலும் இவை கண்ணில் படுவது கடினம். 10 காசுக்கு 5, 10 மட்டும் வைத்துக் கட்டம் போட்டால், ஏழு கட்டங்களுக்குள்ளேயே வெளிச்சமாகிவிடும்.

கட்டம் போட ஃபாக்டோரியலைத்தான் (1 முதல் ஓர் எண் வரை எல்லாவற்றையும் பெருக்குவது) வழக்கமாகத் தருகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது ஒரே நேர்க்கோட்டில் போகிறது. லூப்பிலேயே, அதாவது அதே வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டியே, எளிதாக முடியும். அதனால் மாணவர் ரிகர்ஷனை ‘எண் ஒன்று குறைந்து மறுபடி மேலிருந்து தொடங்கும் லூப்’ என்று பதித்துக்கொள்கிறார், விடையும் சரியாகவே வருவதால் அந்தத் தப்பு வெளியே தெரிவதில்லை. ஒரு சின்னச் சோதனை போதும். எண் 0 என்றால் திரும்பிவிடு. இல்லையென்றால் எண்ணை அச்சிடு, ஒன்று குறைத்து உன்னையே அழை, பிறகு எண்ணை மறுபடி அச்சிடு. 3 கொடுத்தால் என்ன வரும்? லூப் எண்ணத்தில் இருப்பவர் 3 2 1 என்று நிறுத்துவார். வருவது 3 2 1 1 2 3. ஒவ்வோர் அழைப்பும் தன் மிச்ச வேலையை வைத்துக்கொண்டு காத்திருக்கிறது என்பது இங்கே கண்ணெதிரே நிற்கிறது.

மொழியும் ஒரு பக்கம் இழுக்கும். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் சிஎஸ்1101எஸ் பாடம், ஜாவாஸ்கிரிப்டிலிருந்து வெட்டியெடுத்த ‘சோர்ஸ்’ என்ற சிறு மொழியில் நடக்கிறது. அதன் முதல் இரண்டு நிலைகளில் லூப்பே கிடையாது. மூன்றாம் நிலையில்தான் வரும். தப்பிக்க வழியில்லாததால் ரிகர்ஷன் கைப்பழக்கம் ஆகிவிடுகிறது. அதே நிலைகளில் ஸ்டெப்பர் என்ற கருவி, அழைப்பு இருக்கும் இடத்தில் அந்த ஃபங்ஷனின் உள்ளே எழுதியதைப் படிப்படியாகப் பதிலிட்டுக் காட்டும். கட்டம் வரையும் வேலை மிச்சம்.

பைத்தானில் நடக்கும் சிஎஸ்1010எஸ், சி மொழியில் நடக்கும் சிஎஸ்1010 ஆகியவற்றில் லூப் பக்கத்திலேயே இருக்கிறது, கை அங்கேதான் போகும். பைத்தானில் விடையைத் திருப்பித் தரும் ரிட்டர்னை மறந்தால் ‘நன்’ (None, ஒன்றுமில்லை) திரும்பும், அதைக் கூட்டப் போகும்போது டைப் எரர். பேஸ் கேஸை, அதாவது மேலும் அழைக்காமல் நிறுத்தும் நிபந்தனையை, மறந்தால், வழக்கமான எல்லையான 1000 ஆழத்தைத் தொட்டதும் ரிகர்ஷன் எரர் என்று தெளிவாகச் சொல்லி நிற்கும். சி அவ்வளவு கரிசனம் காட்டாது: ஸ்டாக் நினைவகம் தீரும்வரை ஓடி, பெரும்பாலும் செக்மென்டேஷன் ஃபால்ட் (நினைவகப் பிழை) என்று விழும், காரணம் சொல்லாது.

பைத்தானில் படிப்பவர்கள் முதல் வாரம் பைத்தான் டியூட்டர் என்ற இணையக் கருவியில் ஓட்டிப் பார்க்கலாம். கட்டங்களை அதுவே வரையும். அச்சுச் சோதனையில் 3 2 1 1 2 3 என்று ஓட்டாமலே சொல்ல வந்துவிட்டால், கட்டங்களை மூடிவைத்துவிட்டு நாணயக் கணக்கை நம்பி எழுதத் தொடங்குங்கள். விடை தப்பினால், தப்பும் தொகைகளிலேயே மிகச் சிறியதை எடுத்து, அதற்கு மட்டும் மறுபடி கட்டம் போடுங்கள்.