‘சென்சிட்டிவ் வயிற்றுக்கு’ என்று விற்கும் நாய் ட்ரீட்: ஸ்டிக்கருக்கு அடியிலும் பாருங்கள்

நாய்க்குப் பயிற்சி கொடுக்க ட்ரீட் (சொன்னதைச் செய்தால் பரிசாகப் போடும் சின்னத் தின்பண்டம்) தேடுபவர்கள், அதிலும் அடிக்கடி வயிறு கெட்டுப்போகும் நாய் வைத்திருப்பவர்கள், வாங்குவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். சென்னையில் பிரவுன் கலர் ஜிப் கவரில், ‘ஹோம்மேட்’, ‘ஆட்டிறைச்சி மட்டும்’, ‘சென்சிட்டிவ் வயிற்றுக்கு ஏற்றது’ என்று ஸ்டிக்கர் ஒட்டி ஒரு சரக்கு சுற்றிக்கொண்டிருக்கிறது. விற்பவர் பெயரை இங்கே போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது தன் வழியில் போகட்டும். இந்த வேலையைச் செய்பவர் அவர் ஒருவர்தான் என்றும் எனக்குத் தோன்றவில்லை. அதனால் பெயர் தெரிவதைவிட, எப்படி ஏமாற்றுகிறார்கள் என்று தெரிவதுதான் உங்களுக்கு உபயோகம்.

எங்கள் சீனி நாட்டு நாய். பதினைந்து கிலோ இருப்பாள். “நாட்டு நாய்க்குக் கல்லைப் போட்டாலும் செரிக்கும்” என்று எங்களிடம் சொல்லாத ஆள் கிடையாது. சீனிக்கு அப்படி இல்லை. கோழி ஒரு துண்டு உள்ளே போனாலும் மறுநாள் சளி கலந்த பேதி, கூடவே காதைச் சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொள்வாள். பூச்சி மருந்து, மலப் பரிசோதனை எல்லாம் பார்த்த பிறகு, மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மீனும் சோறும் மட்டும் கொடுக்கச் சொன்னார் டாக்டர். இந்த மாதிரிச் சோதனைக்கு எட்டு வாரம் வரை ஆகும். அதுவரை ஒரு பிஸ்கட்கூட உள்ளே போகக் கூடாது, போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சீனிக்குப் பேதி நின்றது. கோழியைத் திரும்பக் கொடுத்துப் பார்த்தோம், திரும்ப வந்தது. சரி, கோழிதான் வில்லன் என்று முடிவானது. ஆட்டுக்கறி ஒத்துக்கொண்டது.

நாய்களுக்கு ஒவ்வாமை தருவதில் மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை நான்கும்தான் முன்வரிசையில் இருக்கின்றன. கடையில் தொங்கும் ட்ரீட் பாக்கெட்டுகளைத் திருப்பிப் பாருங்கள், இந்த நான்கில் ஒன்றாவது இல்லாததைத் தேடி எடுப்பதே பெரும்பாடு.

பயிற்சி வகுப்பில் சேர்த்தபோது டிரெய்னர் முதலில் சொன்னதே ட்ரீட் பற்றித்தான். “வேற ட்ரீட் கொண்டுவந்தா நாய் கவனிக்காது மேடம், நம்ம ஆள்கிட்டயே வாங்கிக்கோங்க” என்று ஒரு வாட்ஸாப் எண்ணைக் கொடுத்தார். அந்த எண்ணுக்கு சீனியின் கதையை முழுதாக எழுதி, கோழி துளிக்கூட ஆகாது என்றும் தெளிவாகச் சொன்னேன். வாய்ஸ் மெசேஜில் பதில் வந்தது: “கோழியே கிடையாது மேடம். நூறு சதவீதம் ஆட்டுக்கறி, கொஞ்சம் சர்க்கரைவள்ளிக்கிழங்கு, அவ்வளவுதான். சின்னக் குழந்தைக்கே கொடுக்கலாம்.” அந்த வாய்ஸ் மெசேஜ் இன்னும் என் போனில் பத்திரமாக இருக்கிறது.

முதல் கவரில் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அடுத்த கவரில்தான் வினை. மாலை வகுப்பு முடிந்து வந்த இரவே வயிற்றுப்போக்கு. விடியும்போது ரத்தம் கலந்து போனாள். தண்ணீரைக் குடித்தாலும் வாந்தி. பிடரித் தோலைத் தூக்கிவிட்டால் சட்டென்று படியாமல் அப்படியே நின்றது, ஈறு பிசுபிசுவென்று ஒட்டியது. உடம்பில் நீர் வற்றிவிட்டதற்கு இவைதான் அடையாளம். இதைப் பார்த்தால் வீட்டில் மோர், கஞ்சி என்று வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, டாக்டரிடம் ஓட வேண்டும். சீனிக்கு ட்ரிப்ஸ் ஏற்றி, ஊசி போட்டு, ரத்தப் பரிசோதனையும் எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். வந்த பில்லுக்கு அவளுக்கு ஒரு வருடம் ஆட்டுக்கறியே வாங்கிப் போட்டிருக்கலாம்.

என்ன சாப்பிட்டாள் என்று டாக்டர் கேட்டபோது மீன், சோறு, இந்த ட்ரீட், அவ்வளவுதான் என்றேன். கவரைக் கொண்டுவரச் சொன்னார். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தேன். ஈரத்தில் ஸ்டிக்கரின் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது. நகத்தால் நெம்பினால் அடியில் இன்னொரு ஸ்டிக்கர்! மெதுவாக உரித்தேன். கோதுமை மாவு, சிக்கன் மீல் (கோழியை உலர்த்தி அரைத்த தூள்), கிளிசரின், நிறமி, சிக்கன் ஃப்ளேவர் என்று பொடி எழுத்தில் வரிசையாக இருந்தது. தயாரித்த மாதம் மேல் ஸ்டிக்கரில் இருந்ததைவிட வெகு முந்தையது. மொத்தச் சரக்காக எங்கேயோ வாங்கிய மலிவு ட்ரீட், புதுப் பெயரும் புதுத் தேதியும் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்திருக்கிறது. ஆட்டுக்கறியும் இல்லை, சர்க்கரைவள்ளியும் இல்லை.

சந்தேகம் தீர இரண்டு துண்டை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுவைத்தேன். பக்கத்துக் கிண்ணத்தில் நாங்களே காயவைத்த கறித்துண்டு ஒன்று. கறி ஊறி உப்பியது, விரலால் பிய்த்தால் நார் நாராக வந்தது. அவர்களுடைய ‘ஆட்டிறைச்சி’ கொஞ்ச நேரத்தில் கூழாகிவிட்டது, தண்ணீர் ரோஸ் கலரில் மாறியது. சிவப்பும் பச்சையும் நாய்க்குப் பிரித்துத் தெரியாது. நீலமும் மஞ்சளும்தான் தெரியும். அந்தச் சிவப்புச் சாயம் முழுக்க முழுக்க நம் கண்ணுக்காகப் போட்டது.

தண்ணீரில் போடாமலே பிடிக்க வழி இருக்கிறது. விலையைப் பாருங்கள். பச்சைக் கறியில் முக்கால் பங்குக்குக் கிட்டத்தட்டத் தண்ணீர்தான். ஆக, நூறு கிராம் உலர்ந்த கறி வேண்டுமென்றால் முந்நூறிலிருந்து நானூறு கிராம் எலும்பில்லாத கறி காய வேண்டும். உங்கள் ஊர்க் கறிக்கடை விலையை வைத்துப் பெருக்கிப் பாருங்கள். அதில் பாதி விலைக்கு ‘சுத்த ஆட்டுக்கறி ட்ரீட்’ கொடுக்கிறார் என்றால் அவர் வள்ளல் இல்லை, உள்ளே வேறு ஏதோ இருக்கிறது. ஈரல், நுரையீரல் போட்டுச் செய்பவர்கள் மலிவாகக் கொடுக்க முடியும், அது நியாயமான விஷயம்தான். ஆனால் அதைச் சொல்லி விற்க வேண்டும்.

அப்புறம் பதத்தைப் பாருங்கள். மெத்தென்று இருக்கிறது, பிரிசர்வேட்டிவ் எதுவும் இல்லை என்கிறார், வெளியிலேயே ஆறு மாதம் வைக்கலாம் என்றும் சொல்கிறார். இந்த மூன்றும் சேர்ந்து நடக்காது. சென்னைப் புழுக்கத்தில் பதப்படுத்தாத ஈரமான கறி நான்கு நாள் தாங்காமல் பூஞ்சை பிடிக்கும். கெடாமல் மெத்தென்றே இருக்கிறதென்றால் கிளிசரின் மாதிரி ஈரத்தைப் பிடித்துவைக்கும் பொருள் சேர்த்திருக்கிறார்கள். எல்லா நாய்க்கும் அது கெடுதல் என்று சொல்ல மாட்டேன். சென்சிட்டிவ் வயிறுள்ள நாய்க்கு, பயிற்சியின்போது ஒன்றன்பின் ஒன்றாகப் போடும் அளவில், அதுவே பேதிக்குப் போதும்.

அந்தக் கவரில் எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு அமைப்பு) முத்திரையும் பதினான்கு இலக்க எண்ணும் இருந்தன. பலரும் அதைப் பார்த்துத்தான் நம்புகிறார்கள். அந்த எண்ணை அரசு இணையதளத்தில் போட்டுத் தேடினேன். வேறு மாவட்டத்தில் கேக் செய்து விற்கும் யாரோ ஒருவருடைய பதிவு அது! எண் ட்ரீட் விற்றவருடையதாகவே இருந்திருந்தாலும் பெரிய அர்த்தம் ஒன்றும் இல்லை. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் மனிதர் சாப்பிடும் உணவுக்கானது, கால்நடைத் தீவனத்தை வெளிப்படையாகவே விலக்கிவைக்கிறது. நாய் உணவுக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐஎஸ் 11968 என்ற தரக்குறிப்பு தனியாக இருக்கிறது. வாட்ஸாப்பில் விற்பவர் யாரும் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

பாக்கெட்டில் அடைத்து விற்கும் எந்தப் பொருளாக இருந்தாலும் 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் பொருந்தும். தயாரித்தவர் அல்லது பொட்டலம் போட்டவர் பெயர், முழு முகவரி, நிகர எடை, தயாரித்த மாதம், ஆண்டு, அதிகபட்ச விலை, புகாருக்கான தொடர்பு இவ்வளவும் இருக்க வேண்டும். அச்சிட்ட விவரத்தை மாற்றுவதற்காக மேலே தனி ஸ்டிக்கர் ஒட்டவும் கூடாது. விலையைக் குறைத்து ஒட்டுவது மட்டும்தான் செல்லும். நம்மவர் கவரில் முகவரி என்ற இடத்தில் ‘சென்னை’ என்று மட்டும் இருந்தது.

இதையெல்லாம் படம் எடுத்து விற்றவருக்கு அனுப்பினேன். முதல் பதில்: “பூச்சி மருந்து கொடுத்தீங்களா?” இரண்டாவது: “ஐநூறு கஸ்டமர் இருக்காங்க, யாரும் இப்படிச் சொன்னதில்ல. நாட்டு நாய்க்கெல்லாம் இதனால ஒண்ணும் ஆகாது மேடம், தெருவுல எதையாவது தின்னிருக்கும்.” ஸ்டிக்கர் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் விடாமல் கேட்கவே, இதைப் பற்றி நான் இணையத்தில் போட்டிருந்த கமென்டை எடுத்தால் அடுத்த கவர் இலவசம் என்றார். அந்தப் பெருந்தன்மையை நான் ஏற்காததால் பிளாக் செய்துவிட்டார். டிரெய்னரைக் கேட்டால், “ட்ரீட்தானே மேடம், அதுல என்ன ஆகப்போகுது” என்றார். ஒரு கவருக்கு அவருக்கு இவ்வளவு என்று கமிஷன் போவதை அதே வகுப்புக்கு வரும் இன்னொருவர் பிறகு சொன்னார்.

ட்ரீட்தானே என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 2007இலிருந்து, பெரும்பாலும் சீனாவிலிருந்து வந்த ஜெர்க்கி (உலர்த்திய இறைச்சி) ட்ரீட் சாப்பிட்ட நாய்களுக்கு வாந்தி, பேதி, சிறுநீரகக் கோளாறு என்று அங்குள்ள உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவுக்குப் புகார்கள் குவிந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்கள் செத்துப்போனதாகப் புகார்களில் இருந்தது. பல ஆண்டு விசாரித்தும் இதுதான் காரணம் என்று ஒன்றைக் கைகாட்ட முடியவில்லை. சோதித்த சில ட்ரீட்களில் சொல்லாமல் விட்ட ஆன்டிபயாடிக் எச்சம் அகப்பட்டது. முறையாக லேபிள் ஒட்டி பெரிய கடையில் விற்ற சரக்கின் கதையே இது.

இப்போது சீனிக்கு என்ன கொடுக்கிறோம் என்று கேட்பீர்கள். அவளுக்கு ஒத்துக்கொள்ளும் சாப்பாட்டிலிருந்தே ட்ரீட்டை எடுத்துவிடுகிறோம். புதிதாக எதையும் வயிற்றுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பாறை மீனை உப்பு, மஞ்சள் எதுவும் போடாமல் வேகவைத்து, முள்ளைக் கவனமாக எடுத்து, துண்டாக்கி ஓவனில் மிதமான சூட்டில் சுண்ட வைத்தால் கையில் ஒட்டாத பதத்துக்கு வரும். பெரிய மீனாக வாங்கினால் முள் எடுப்பது சுலபம். வாசனை வீடு முழுக்க இரண்டு நாள் இருக்கும், அதற்கு நான் பொறுப்பில்லை. ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் ஃப்ரீசரில் வைத்து அன்றன்றைக்கு எடுக்கிறோம். வீட்டுக்குள் ‘உட்கார்’, ‘இரு’ போன்றவற்றுக்கு வெந்த சர்க்கரைவள்ளியே போதும். வெளியே, பூனையும் பைக்கும் போகும் தெருவில் கூப்பிட்டால் வர வேண்டும் என்றால்தான் மீன். உலர் உணவு ஒத்துக்கொள்ளும் நாய் என்றால் அன்றைய கணக்கிலிருந்து ஒரு பிடியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வதைவிட எளிது எதுவும் இல்லை.

ஒரு துண்டு பொட்டுக்கடலை அளவு இருந்தால் போதும். எத்தனை தடவை கிடைக்கிறது என்பதுதான் நாய்க்குக் கணக்கு. இந்த டிரெய்னர் ஒவ்வொரு தடவையும் கட்டைவிரல் அளவில் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார், கவர் சீக்கிரம் தீர வேண்டும் அல்லவா! ட்ரீட் எல்லாம் சேர்த்து ஒரு நாள் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது டாக்டர்கள் சொல்லும் கணக்கு. சீனி எடையுள்ள நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 800 கலோரி வேண்டும், அதில் 80தான் ட்ரீட்டுக்கு. வெளியில் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரே ஒரு பொருளில் செய்ததை, சின்ன பாக்கெட்டாக வாங்கி, ஒரு துண்டு கொடுத்துவிட்டு இரண்டு நாள் மலத்தைப் பாருங்கள். வீட்டில் யார் கையால் எது கொடுத்தாலும் வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட், சைலிட்டால் கலந்த சுகர்ஃப்ரீ பண்டம் இவை எதுவும் கிட்டவே வரக் கூடாது. இதெல்லாம் வயிறு கெடுவதோடு நிற்காது, விஷம்.

புகார் விஷயம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முதலில் பதிவு செய்தேன். அதற்குப் பிறகு கவர் விலை மட்டும் என் யுபிஐ கணக்குக்குச் சத்தமில்லாமல் திரும்ப வந்தது. மருத்துவச் செலவுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். 2019ஆம் ஆண்டின் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், ஐந்து லட்சம் ரூபாய்க்குள் கொடுத்து வாங்கிய பொருள் என்றால் கட்டணமும் கிடையாது. தனி ஆளாக வாட்ஸாப்பில் விற்காமல் இணையக் கடை வழியாக விற்றிருந்தால், அந்தக் கடையின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு விதி இருக்கிறது.

இந்த மாதிரிக் கவர் உங்கள் வீட்டிலும் இருந்தால் கோபத்தில் குப்பையில் போட்டுவிடாதீர்கள். மிச்சம் இருக்கும் ட்ரீட்டோடு அப்படியே ஜிப்பை மூடி ஃப்ரீசரில் வையுங்கள். ஸ்டிக்கரை உரிக்கும்போது ஆரம்பத்திலிருந்தே வீடியோ எடுங்கள், முதல் ஸ்டிக்கர் முழுதாகத் தெரிய வேண்டும். டாக்டரிடம் சீட்டு வாங்கும்போது நாய் என்ன சாப்பிட்டது, எப்போது சாப்பிட்டது என்பதையும் அதில் எழுதித் தரச் சொல்லுங்கள். யுபிஐ ஸ்கிரீன்ஷாட், சாட், வாய்ஸ் மெசேஜ் எல்லாவற்றையும் பிளாக் ஆவதற்கு முன்னால் வேறு இடத்தில் சேமித்துவிட்டு, அதற்குப் பிறகு விற்றவரிடம் சண்டைக்குப் போங்கள்.