மணலில் கிடைத்த மோதிரம்: பத்தரின் உரைகல்லா, டச் மிஷினா?

போன சித்திரையில், மயிலாடுதுறை துலாக்கட்டத்துக்குக் கொஞ்சம் தள்ளி, காய்ந்து கிடந்த காவிரி மணலில் மச்சானும் நானும் மெட்டல் டிடெக்டரோடு அலைந்தோம். சிங்கப்பூரில் இருந்து அவர் வாங்கி வந்தது. சோடா மூடி, துருப்பிடித்த ஆணி, ஒரு ரூபாய்க் காசுகள், அப்புறம் ஒரு மோதிரம். ஐப்பசி முழுக்கில் யாரோ சோப்புக் கையோடு நழுவவிட்டிருக்க வேண்டும். வெளிப்பக்கம் திருகாணித் தலை மாதிரிக் கோடுகள். உட்பக்கம் கார்டியே என்ற பிரெஞ்சு நகை நிறுவனத்தின் பெயர், 18 காரட்டைக் குறிக்கும் 750, விரல் அளவைக் குறிக்கும் 52, பொடி எழுத்தில் ஒரு வரிசை எண்.

இந்தத் திருகாணி வடிவம் 1969-இல் நியூயார்க்கில் ஆல்டோ சிபுல்லோ என்ற வடிவமைப்பாளர் கார்டியே வளையலுக்காக வரைந்தது. உலகத்தில் அதிகம் காப்பியடிக்கப்படும் நகைகளில் ஒன்று. காப்பி என்றால் பித்தளைதான் என்று நினைக்க வேண்டாம். சுத்தமான 18 காரட்டிலேயே போலி செய்கிறார்கள். ஆக, தங்கமா என்பது ஒரு கேள்வி, கார்டியேதானா என்பது வேறு கேள்வி. நம் பக்கத்தில் இருக்கும் வழிகள் எல்லாம் முதல் கேள்விக்கே பதில் சொல்லும்.

வீட்டுச் சோதனையை இரண்டு வரியில் முடித்துவிடலாம். காந்தம் ஒட்டவில்லை என்பதற்கு அர்த்தமே இல்லை, பித்தளையும் வெள்ளியும்கூட ஒட்டாது. நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு எடை பார்ப்பது கொஞ்சம் மேல். வெளியே 6.84 கிராம், தண்ணீரில் 6.40. வகுத்தால் அடர்த்தி 15.5 சொச்சம். 18 காரட் மஞ்சள் தங்கத்துக்குச் சரியாகப் பொருந்துகிறது. 22 காரட்டாக இருந்தால் 17-க்கு மேல் வந்திருக்கும். ஆனால் தராசு 0.01 கிராம் பிசகினாலே விடை 15.2-க்கும் 15.9-க்கும் இடையில் ஆடும். சின்ன நகைக்கு இதை நம்பி எதுவும் செய்யாதீர்கள்.

அடுத்து உரைகல். எங்கள் வீட்டுத் தாலிகளைச் செய்து கொடுத்த பத்தரிடம்தான் முதலில் போனேன். கல்லில் ஒரு இழுப்பு, பக்கத்தில் தரம் தெரிந்த தங்கத்தால் ஒரு இழுப்பு, மேலே திராவகத் துளி. எந்தக் கோடு எவ்வளவு நிற்கிறது என்று பார்த்துவிட்டு, "தம்பி, பதினெட்டு காரட்டுதான், சந்தேகமே வேண்டாம்" என்றார். ஐந்து நிமிஷ வேலை, காசும் வாங்கவில்லை. பிறகு டச் மிஷின், அதாவது எக்ஸ்ரேயால் தங்கத்தின் தரம் பார்க்கும் கருவி, சொன்னதும் அதேதான். கைத்திறனில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

அதற்கு அப்புறம் நடந்ததுதான் இந்த அலசலே. மணலும் பாசியும் அப்பிக் கிடந்த மோதிரத்தைப் பார்த்து அவருக்கு மனசு கேட்கவில்லை. புளி போட்டுக் கொதிக்கவைத்து, உள்ளும் புறமும் பஃப் சக்கரத்தில் பிடித்துப் பளபளவென்று கொடுத்தார். நானும் சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தால் வரிசை எண்ணின் வால் மழுங்கியிருந்தது. இத்தகைய எண்களின் வெட்டு மிக மெல்லியது, மெருகுச் சக்கரம் ஒரு சுற்றுப் போனாலே கரையத் தொடங்கும். எழுத்தின் ஓரம் கூர்மையா, இடைவெளி சமமா, எண் அச்சா கீறலா என்பதுதான் அசலையும் காப்பியையும் பிரிக்கிற சாட்சி. அந்தச் சாட்சியைத்தான் நான் தேய்த்துத் தள்ளினேன். ஆற்று நகைக்கு முதல் விதியாக நான் இப்போது வைத்திருப்பது இதுதான்: தண்ணீரில் அலசலாம், தேய்க்கக் கூடாது. பத்தரிடம் போவதானாலும், "மெருகு வேண்டாம் அய்யா" என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

இதனால்தான் டச் மிஷின் பக்கம் சாய்கிறேன். கும்பகோணத்தில் ஒரு ஹால்மார்க் மையத்தில் பார்த்தேன். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் (பிஐஎஸ்) அங்கீகாரம் பெற்ற மையங்களில் பொதுமக்கள் நான்கு நகை வரை சோதிக்க 200 ரூபாய்தான். எக்ஸ்ரே பட்டு உலோகம் திருப்பி அனுப்பும் ஒளியை மிஷின் படிக்கிறது. கீறல் இல்லை, திராவகம் இல்லை. காகிதத்தில் தங்கம் 75, வெள்ளியும் செம்பும் ஏறக்குறைய பன்னிரண்டரை என்று வந்தது. பற்றவைப்பில் சேர்க்கும் நச்சு உலோகமான காட்மியம் இல்லை. நம் ஊர்க்காரர்கள் கேடிஎம் என்றால் காதை நிமிர்த்துவார்கள், அதே காட்மியம்தான். ஐரோப்பாவில் 2011 கடைசியிலேயே நகைகளில் அதற்குத் தடை வந்துவிட்டது. இருந்திருந்தால் சந்தேகம் வலுத்திருக்கும். இல்லாததால் அசல் என்று ஆகிவிடாது.

மிஷினுக்கும் ஒரு குறை உண்டு. அது மேல்தோலை மட்டுமே படிக்கும். தடிமனான முலாம் அதை ஏமாற்றும். உள்ளே, வெளியே, தேய்ந்த ஓரத்தில் என்று மூன்று இடத்திலாவது வைக்கச் சொல்லுங்கள். மோதிரம் நம்முடையதே இல்லாதபோது, உருக்கிப் பார்க்கும் சோதனையைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

உள்ளூர் நகை கிடைத்தவர்களுக்கு இத்தனை அலைச்சல் இல்லை. 2023 ஏப்ரலுக்குப் பிறகு ஹால்மார்க்கோடு விற்ற நகையில் எச்யுஐடி இருக்கும், அதாவது எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இலக்கத்தில், ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாகத் தரும் அடையாளக் குறி. பிஐஎஸ் கேர் செயலியில் தட்டினால் தரமும் விற்றவரின் பதிவு விவரமும் வரும். அந்த எழுத்தும் பொடிசுதான், தேய்க்காதீர்கள்.

கார்டியே கடைக்கே கொண்டுபோகலாமே என்று மச்சான் சொன்னார். டெல்லிக்கு ரயில் ஏற எனக்குத் துணிவில்லை, அதனால் அந்த வழியைப் பற்றி அனுபவத்தில் சொல்ல ஒன்றும் இல்லை.

எதுவானாலும் சோதனையோடு வேலை முடியாது. மண்ணில் மறைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். என் மோதிரம் புதையல் இல்லை, யாரோ தொலைத்தது. அதனால் மிஷின் காகிதத்தோடு காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கினேன். ஊரில் சொன்னபோது 'ஒரு மோதிரம்' என்று மட்டும்தான் சொன்னோம். இதுவரை மூன்று பேர் வந்துபோனார்கள். ஒருவர் கல் வைத்தது என்றார், ஒருவர் மாமனார் போட்டது, நெளி மோதிரம் என்றார். மூன்றாவது பெண்மணி மட்டும் திருகாணிக் கோட்டைச் சரியாகச் சொல்லி, பில்லை எடுத்துவர மகனுக்கு ஃபோன் செய்திருக்கிறார். பில்லில் வரிசை எண் இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பஃப் சக்கரம் தின்ற கடைசி இரண்டு எண்கள், ஆற்று மணலிலேயே என் மகள் விளையாட்டாக எடுத்த ஒரு ஃபோட்டோவில்தான் இருக்கின்றன. அதிலும் ஒன்று 3-ஆ 8-ஆ என்று தெரியவில்லை.