கொடுவா கூண்டு வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: ரத்தம் பார்க்காமல் மருந்து விற்கிறார்கள்

பரங்கிப்பேட்டை, கிள்ளை, முடசல்ஓடை பக்கம் உப்பங்கழியில் கூண்டு கட்டிக் கொடுவா மீன் வளர்ப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அடுத்தவருக்கும் அனுப்புங்கள். 'மீன் டாக்டர்' என்று சொல்லிக்கொண்டு ஒருவர் பைக்கில் சுற்றுகிறார். தண்ணீர் டெஸ்ட், நோய், மருந்து எல்லாம் அவரே.

எங்கள் கூண்டில் மீன்கள் தீனி எடுப்பதைக் குறைத்துக்கொண்டு, மேலே வந்து சோர்ந்து மிதந்தன. வலை மாற்றத் தூக்கினால் அதையே தாங்காமல் சில செத்தன. செவுளைத் திறந்தால் சிவப்பே இல்லை, வெளிறிக் கிடந்தது. அந்த ஆள் ஒரு மீனைப் புரட்டிப் பார்த்தார். "அண்ணே, இது பாக்டீரியா. லேட் பண்ணா மொத்தக் கூண்டும் போயிடும்." ஒரு பாட்டிலில் தண்ணீர் மட்டும் பிடித்துக்கொண்டு போனார். மறுநாள் வாட்ஸ்அப்பில் லேப் ரிப்போர்ட் வந்தது. பின்னாலேயே, தீனியில் கலக்க லேபிள் இல்லாத தூள் பாக்கெட்டுகள். பணம் முன்கூட்டியே.

சாவு நிற்கவில்லை. போன் செய்தால், "டோஸ் பத்தலண்ணே, டபுள் பண்ணுங்க." மறுபடி பாக்கெட், மறுபடி பணம்.

கடல்வாழ் உயிரின உயராய்வு மையத்தில் படிக்கும் எங்கள் ஊர்ப் பையன் கேட்ட முதல் கேள்வியே, "மாமா, ரத்தம் எடுத்தாங்களா?" உயிருள்ள மீனின் வால் பக்கம் ஊசியால் ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காட்டினான். ரத்த அணுக்களுக்கு நடுவே நூல் மாதிரி நெளிந்துகொண்டிருந்தது. ட்ரிப்பனோசோமா என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணியாம். மனிதருக்கு மலேரியா என்றால் ரத்தம் பார்க்காமல் மாத்திரை எழுதுவார்களா? செவுள் மூடிக்கடியிலும் தாடையோரத்திலும் பொடிப்பொடியாகப் பழுப்பு அட்டைகள் ஒட்டியிருந்தன. ஒரு மீனின் ரத்தத்தைக் குடித்து அடுத்ததற்கு ஒட்டுண்ணியை ஏற்றுவது அவைதான். பாக்டீரியாவுக்கான ஆன்டிபயாட்டிக் இதை ஒன்றும் செய்யாது.

பக்கத்துக் கூண்டுக்காரரிடமும் ஒரு ரிப்போர்ட் இருந்தது. பெயரும் தேதியும் மட்டும் வேறு. அம்மோனியா அளவு புள்ளிக்குப் பின்னாலும் அச்சு அசல் ஒன்றே. இரண்டிலும் 'மாதிரி: இறால் குளத்து நீர்' என்று போட்டிருக்கிறது. எங்கள் பரம்பரையில் யாரும் இறால் வளர்த்ததில்லை!

தூளில் என்ன இருந்தது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. குளோராம்பெனிக்கால், நைட்ரோபியூரான் வகை மருந்துகளுக்கு மீன் வளர்ப்பில் தடை இருக்கிறது. மீனில் அதன் மிச்சம் தெரிந்தால் ஏற்றுமதிக்காரர் தொடமாட்டார். பணம் போனதோடு பிடித்த மீனும் விற்காமல் நிற்கும்.

வெளிறிய செவுள் என்றாலே ட்ரிப்பனோசோமா என்றும் முடிவு கட்டாதீர்கள். ரத்தக்குழாயில் குடியிருக்கும் தட்டைப்புழுவும் கொடுவாவுக்கு வரும். அதன் முட்டைகள் செவுளின் நுண்குழாய்களை அடைத்துவிடும். அதற்குச் செவுளையும் மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். மருந்து சொல்பவர் எவரானாலும் ரத்தமும் செவுளும் பார்த்த பிறகு பேசட்டும். அட்டை வலையிலும் மிதவையிலும் முட்டைக்கூடு ஒட்டி வைக்கும் என்பதால் வலையை அடிக்கடி மாற்றித் தேய்த்து நல்ல வெயிலில் காயப்போடுகிறோம். ஆற்றில் பிடித்த குஞ்சு வாங்கினால் தனித் தொட்டியில் விட்டு, செவுள் மூடியைத் தூக்கிப் பார்த்தபிறகே கூண்டில் இறக்குகிறோம்.

அந்த ஆள் இப்போது போன் எண்ணை மாற்றிவிட்டார். ரசீதில் முகவரி கிடையாது. இதே இறால் குளத்து ரிப்போர்ட் உங்களிடமும் இருந்தால் போட்டோ எடுத்து அனுப்புங்கள். மீன்வளத் துறை அலுவலகத்தில் எல்லோரும் சேர்ந்து புகார் கொடுக்கப்போகிறோம். மிச்சமிருக்கும் தூள் பாக்கெட்டைத் தூக்கி எறியாதீர்கள், அதுதான் சாட்சி.