ஆர்எக்ஸ் 100 முன் ஷாக்: ஸ்டாக்கையே சரி பண்றதா, எஃப்இசட் போர்க் மாட்டுறதா?

என்கிட்ட இருக்குறது 93 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக், சித்தப்பா ஓட்டுனது. போன வருஷம் முன் ஷாக், அதாவது முன் வீலை ரெண்டு பக்கமும் புடிச்சிருக்குற பைப்பு ஜோடியான போர்க், சுத்தமா போயிடுச்சு. ஸ்பீட் பிரேக்கர்ல இறங்குனா "டங்"குன்னு அடி ஹேண்டில் வரைக்கும் வரும், பிரேக் புடிச்சா மூக்கு தரையைத் தொடுற மாதிரி குனியும், இடது பைப்புல ஆயில் வழிஞ்சு ரிம்மெல்லாம் பிசுபிசுன்னு இருக்கும். கேட்டவனெல்லாம் சொன்னது ஒண்ணுதான், "ஆர்எக்ஸ் போர்க்கே ஒல்லி மச்சி, யமஹா எஃப்இசட் பைக்கோட போர்க்கைத் தூக்கி மாட்டு". என் மச்சானும் அவன் ஆர்எக்ஸ்ல அதையேதான் பண்ணான். நான் பண்ணல, ஸ்டாக்கையே, அதான் கம்பெனி குடுத்த போர்க்கையே பிரிச்சு சரி பண்ணேன். ரெண்டு வண்டியையும் மாறி மாறி ஓட்டியாச்சு, அதனால இந்த அலசல்ல நான் எந்தப் பக்கம்னு முதல்லயே சொல்லிடுறேன், ஸ்டாக் பக்கம்தான்.

எஃப்இசட் போர்க்ல என்ன நல்லது? 41 எம்எம் தடி பைப்பு, டிஸ்க் பிரேக், பார்க்கவும் கெத்து. டிஸ்க் விஷயத்துல நான் வாதாடவே மாட்டேன், நம்ம 130 எம்எம் டிரம்மை வெச்சுகிட்டு அதோட போட்டி போட முடியாது. ஆனா சஸ்பென்ஷனுக்காக மாத்துறேன்னு சொல்றதுதான் எனக்கு இடிக்குது. ரெண்டுமே உள்ள ஒரே டெக்னாலஜிதான், ஒரு ராடு, அதுல ஓட்டை, ஆயில் அந்த ஓட்டை வழியா பிதுங்கிப் போகுது, அவ்ளோதான். இன்னொண்ணு, எஃப்இசட் 137 கிலோ வண்டி, ஸ்பிரிங்கும் அதுக்கேத்த மாதிரிதான் இருக்கும். நம்ம ஆர்எக்ஸ் நூறு கிலோ சொச்சம், அதுலயும் முன்பக்கம் வெறும் காத்து. மச்சான் வண்டில பெரிய பள்ளம் நல்லாவே போகும், ஆனா சின்னச் சின்ன குண்டு குழில போர்க் அமுங்கவே மாட்டேங்குது, வீல் தத்தித் தத்தி போகுது. டயர் விட்டம் 100/80-17க்கும் நம்ம 2.50-18க்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனா அகலம் கூடினதுல ஆர்எக்ஸோட அந்த வெடுக்குன்னு திரும்புற குணம் போயிடுச்சு.

சரி, இதெல்லாம் ரசனைன்னு விட்டுடலாம். என்னைத் தடுத்தது டீ தான், குடிக்கிற டீ இல்ல, ரெண்டு பைப்பையும் சேத்துப் புடிச்சு ஃபிரேம் கழுத்துல நிக்குற இரும்புத் துண்டு. போர்க் மாத்துறதுன்னா வெறும் பைப்பு மாத்துறது இல்ல, டீயும் சேந்துதான் மாறும். அது நம்ம ஃபிரேம் கழுத்துக்கு நேரா உக்காராது, லேத்துல குடுத்து கடைஞ்சு, கோன் செட்டுக்கு (ஹேண்டில் திரும்புறதுக்கு கழுத்துல இருக்குற பேரிங்) வாஷர் போட்டுன்னு ஒரு கூத்து. மச்சானுக்கு அஞ்சு மாசத்துல கோன் செட் லூஸ் ஆகி பிரேக் புடிக்கும்போது கழுத்துல "கடக் கடக்". புதுசு வாங்கப் போனா கடைக்காரர் எந்த வண்டிக்குன்னு கேக்குறாரு, அதுக்கு இவன்கிட்ட பதில் இல்ல, மேல ஒரு வண்டியோடது, கீழ லேத்காரர் போட்டது. ஹேண்டில் லாக் விழாது, ஆர்எக்ஸை லாக் இல்லாம தெருவுல நிறுத்திட்டு நிம்மதியா டீ குடிக்க முடியுமா சொல்லுங்க. ஹேண்டில் ஓவரா திரும்பாம தடுக்குற ஸ்டாப்பர் பொருந்தாததால, ஹேண்டிலை முழுசா ஒடிச்சுத் திருப்புனப்போ டேங்க்ல ஒரு சொட்டை. எஃப்இசட்ல டிஜிட்டல் மீட்டர், அதனால நம்ம ஸ்பீடோ கேபிளுக்கு வீல்ல இடமே இல்ல, அவன் மீட்டர் பூஜ்யத்துலயே நிக்குது. ஹெட்லைட்டைப் புடிச்சிருக்குற காதும் தடி பைப்புல ஏறாது, அதுக்கும் தனியா வெல்டிங். இது ஒவ்வொண்ணும் சின்ன வேலைதான், ஆனா ஒவ்வொரு தடவையும் அதைச் செஞ்ச அதே ஆளைத் தேடித்தான் போகணும், வெளியூர்ல நின்னா அம்புட்டுதான்.

நான் பண்ணது என்னன்னா, போர்க்கைப் பிரிச்சோம், வலது பைப்புல இருந்து சாம்பல் கரைச்ச தண்ணி மாதிரி ஒண்ணு வந்துச்சு, இடதுல அதுவும் பாதிதான். இதை வெச்சுகிட்டா இத்தனை நாள் ஆர்எக்ஸ் போர்க்கைத் திட்டினோம்னு சிரிப்பு வந்துடுச்சு. மெக்கானிக் அண்ணன் பைப்பு மேல நகத்தை ஓட்டிப் பாருன்னாரு, ஆயில் வெளிய வராம தடுக்குற ரப்பர் சீல் ஓடுற இடத்துல நகம் மாட்டுச்சு, துரு குழி. இதுதான் விஷயம், குழி இருக்குற பைப்புல எத்தனை புது சீல் போட்டாலும் அது சீலைக் கிழிச்சுகிட்டேதான் இருக்கும். அதனால ரெண்டு பைப்பும் புதுசு, வாங்குன உடனே கண்ணாடி மேஜை மேல உருட்டிப் பார்த்தோம், பெண்டு இல்ல. ஸ்பிரிங், சீல், டஸ்ட் சீல் எல்லாம் புதுசு. சீல் இறக்கும்போது பைப்பு முனைல பாலிதீன் கவர் சுத்தி கிரீஸ் தடவி இறக்குனாரு, இல்லேன்னா சீலோட உதடு கிழியுமாம். ஆயில் 15 கிரேடு, ஸ்பிரிங் போடுறதுக்கு முன்னாடி போர்க்கை முழுசா அமுக்கி வெச்சு மேல இருந்து ஸ்கேல் விட்டு ரெண்டு பக்கமும் ஒரே மட்டம். சில கடைல கியர் ஆயிலையே ஊத்தி அனுப்பிடுவாங்க, பக்கத்துலயே நின்னு பாருங்க.

மொத்தம் லேபரோட 4,000 ரூபாக்குள்ள முடிஞ்சுது. மச்சானுக்கு வீல், காலிப்பர், லேத், வெல்டிங்னு 15,000 தாண்டுச்சு, அதுவும் செகண்ட் ஹேண்ட் போர்க்குக்கு. இப்ப திருச்சில இருந்து துவரங்குறிச்சி வரைக்கும் அடிக்கடி போறேன், அந்த "டங்" இல்ல. பின்னாடி ஆள் ஏறுனா மட்டும் பிரேக்குல இன்னும் கொஞ்சம் குனியும், அதை மறைக்க மாட்டேன்.

ஒரு எச்சரிக்கை, வண்டி எப்பவாச்சும் முன்னாடி மோதியிருந்தா டீயே வளைஞ்சிருக்கும், அப்ப என்ன பைப்பு போட்டாலும் வேஸ்ட், முதல்ல அதைப் பார்க்கணும்.

யமஹா கிளாடியேட்டர் பைக்கோட டிஸ்க் போர்க் போடுறவங்களும் இருக்காங்க, அது எஃப்இசட் அளவுக்கு முரட்டுத்தனமா இல்ல, ஆனா நான் பத்து நிமிஷம்தான் ஓட்டுனேன், அதுக்கு மேல பேசுனா பொய்யாயிடும். கேடிஎம் டியூக்கோட 43 எம்எம் யுஎஸ்டி (தலைகீழா மாட்டுற தடி போர்க்) மாட்டுறதெல்லாம் ஷோவுக்கு, விட்டுடலாம்.

ஆர்சி ரினீவலும் இருக்கு, 15 வருஷம் தாண்டுன வண்டியை 5 வருஷத்துக்கு ஒருக்கா ஆர்டிஓ ஆபீஸ்ல காட்டணும், மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுப்படி கம்பெனி குடுத்ததை இஷ்டத்துக்கு மாத்தக் கூடாது. மச்சானுக்கு அடுத்த வருஷம் ரினீவல். பழைய டீயையும் போர்க்கையும் அன்னிக்கே எடைக்குப் போட்டுட்டான், இப்ப சென்னை புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைங்கள்ல ஒரிஜினல் செட்டு கிடைக்குமான்னு ஆள் விட்டுத் தேடிட்டு இருக்கான்.